8.8.8.8 போடலாமா? கணினியில் டிஎன்எஸ் மாற்றுவது பற்றி

நீங்கள் கேட்டிருப்பது இதுதான். வீட்டில் விண்டோஸ் 11 ஓடும் மேசைக் கணினி. ரூட்டரிலிருந்து கேபிள் இழுத்து இணைத்திருக்கிறீர்கள். கொஞ்ச நாளாக எந்தத் தளத்தைத் திறந்தாலும் பத்து விநாடி சுற்றிவிட்டுத்தான் வருகிறது. சில நேரம் 'டிஎன்எஸ் சர்வர் பதில் தரவில்லை' என்று சொல்லி அப்படியே நின்றுவிடுகிறது. "8.8.8.8 போடு, சரியாகிவிடும்" என்கிறார் நண்பர். போடலாமா, எங்கே போடுவது, போட்டால் கெடுதல் ஏதும் உண்டா, பிள்ளைகள் பார்க்கக் கூடாத தளங்களைத் தடுக்க இதுவே உதவுமா?

போடலாம். ஐந்து நிமிட வேலைதான். தளத்தின் பெயருக்கு உரிய எண் முகவரியைத் தேடிச் சொல்லும் ஏற்பாடுதான் டிஎன்எஸ்; 8.8.8.8 அந்த வேலையைச் செய்யும் ஒரு சர்வரின் எண். ஆனால் கை வைப்பதற்கு முன் இப்போது டிஎன்எஸ் கட்டத்தில் என்ன எண் இருக்கிறது என்று பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். இதை முதலிலேயே சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

உறவினர் ஒருவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கரண்ட் பில் கட்டுவது, சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது என்று பாதி வருமானம் அந்த ஒரு கணினியில்தான். இணைய லைனை வேறு நிறுவனத்துக்கு மாற்றினார். புது ரூட்டரில் எல்லா விளக்கும் பச்சை. கைபேசியில் வைஃபை அருமையாக ஓடுகிறது. கணினியில் மட்டும் ஒரு தளமும் திறக்கவில்லை. லைன்காரர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு "எங்கள் பக்கம் எல்லாம் சரிதான்" என்று போய்விட்டார். விண்டோஸையே திரும்பப் போட வேண்டும் என்றார் இன்னொருவர். மூன்றாம் நாள் நான் போய்ப் பார்த்தபோது டிஎன்எஸ் கட்டத்தில் யாரோ கையால் அடித்த இரண்டு எண்கள் இருந்தன. சிபியு பெட்டியைத் திருப்பினால், பக்கவாட்டில் தூசிக்கு அடியில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர், அதில் நீலப் பேனாவில் அதே இரண்டு எண்கள். பழைய லைன் கொடுத்தவர் எழுதி ஒட்டிவிட்டுப் போனது. இணைய நிறுவனங்களின் டிஎன்எஸ் சர்வர்கள் பெரும்பாலும் தங்கள் வாடிக்கையாளர் கேட்டால் மட்டுமே பதில் சொல்லும். வேறு லைனிலிருந்து கேட்டால் மறுத்துவிடும். 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றினேன், அரை நிமிடத்தில் தளங்கள் திறந்தன. மூன்று நாள் கடை முடங்கியதற்குக் காரணம் அந்த இரண்டு எண்கள். ஸ்டிக்கர் இருந்ததால்தான் அவை எங்கிருந்து வந்தவை என்று உடனே தெரிந்தது. அதனால்தான் சொல்கிறேன், எழுதி வையுங்கள். பழையதையும் எழுதுங்கள், புதிதாக எதைப் போட்டீர்கள், என்றைக்குப் போட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

சரி, அந்த எண்கள் என்ன செய்கின்றன? நாம் தளத்தின் பெயரை அடிக்கிறோம். கணினிக்கோ எண் முகவரி வேண்டும். இணையத்தின் ஆரம்ப காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் அதைப் பராமரித்தார்கள். எல்லோரும் அங்கிருந்து நகல் எடுத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக அது தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் வகுத்த முறைதான் இன்றைய டிஎன்எஸ். உச்சியில் இருக்கும் ரூட் சர்வர், 'காம்', 'இன்' போன்ற கடைசிப் பகுதிகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று சொல்லும்; அவர்கள் அந்தத் தளத்துக்கு உரிய சர்வர் எது என்று காட்டுவார்கள்; அந்த சர்வர் எண்ணைச் சொல்லும். '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என்று தமிழ் எழுத்திலேயே முடியும் பெயர்களும் அந்த உச்சிப் பட்டியலில் இருக்கின்றன. எனக்கு அதில் தனி மகிழ்ச்சி உண்டு.

இந்த அலைச்சலை உங்கள் கணினி நேரடியாகச் செய்வதில்லை. "இந்தப் பெயருக்கு எண் என்ன?" என்று ஒரே ஒரு சர்வரைக் கேட்கிறது, அது அலைந்து திரிந்து விடையைக் கொண்டுவந்து கொடுக்கிறது, கொஞ்ச நேரம் நினைவிலும் வைத்துக்கொள்கிறது. நீங்கள் மாற்றப்போவது அந்த ஒரு சர்வரை. ஒரு செய்தித் தளத்தைத் திறந்தால் படம் ஓரிடம், விளம்பரம் ஓரிடம், எழுத்துரு ஓரிடம் என்று பத்திருபது பெயர்களைக் கேட்க வேண்டியிருக்கும். அந்த சர்வர் திணறினால், விண்டோஸ் ஒவ்வொரு பெயருக்கும் காத்திருந்து, பதில் வராமல் மறுபடி கேட்டு, அப்புறம் அடுத்த சர்வரிடம் போகும். நீங்கள் சொல்லும் அந்தப் பத்து விநாடிச் சுற்றல் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. தளம் ஒருமுறை திறந்துவிட்டால் அப்புறம் வேகமாக ஓடுகிறது என்றால் சந்தேகம் இன்னும் உறுதியாகிறது. ஆனால் டிஎன்எஸ் மாற்றினால் டவுன்லோட் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முகவரி கேட்கும் நேரம்தான் குறையும். முகவரி கிடைத்த பிறகு படமும் வீடியோவும் வருவது உங்கள் லைனின் வேகத்தில்தான்.

அதனால் கோளாறு உண்மையிலேயே டிஎன்எஸ்ஸில்தானா என்று முதலில் பாருங்கள். ஸ்டார்ட் மெனுவில் 'சிஎம்டி' (cmd) என்று ஆங்கிலத்தில் அடித்தால் கறுப்புக் கட்டளைத் திரை வரும். அதில் 'பிங்' (ping) என்று அடித்து, இடைவெளி விட்டு 8.8.8.8 என்று கொடுங்கள். வரிசையாக நான்கு பதில் வந்தால் லைன் உயிரோடு இருக்கிறது. அப்புறம் எண்ணுக்குப் பதில் ஏதாவது ஒரு தளத்தின் பெயரைக் கொடுங்கள். அந்தப் பெயரையே கண்டுபிடிக்க முடியவில்லை என்று வந்தால் கோளாறு டிஎன்எஸ்ஸில். எண்ணுக்கும் பதில் இல்லை என்றால் லைனிலோ ரூட்டரிலோ கேபிளிலோதான் பிரச்சினை. டிஎன்எஸ் மாற்றிப் பயனில்லை.

இதைவிடத் தெளிவான சோதனை ஒன்று உண்டு. அதே திரையில் 'என்எஸ்லுக்அப்' (nslookup) என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு ஒரு தளத்தின் பெயரை மட்டும் கொடுங்கள். எந்த சர்வரைக் கேட்கிறது என்பதை அதன் பெயரும் எண்ணுமாகத் தொடக்க வரிகளிலேயே காட்டும். 'டைம்டு அவுட், டைம்அவுட் வாஸ் 2 செகண்ட்ஸ்' என்று வரிவரியாக வந்தால் உங்கள் இப்போதைய சர்வர் திணறுகிறது. அதே கட்டளையின் கடைசியில் இடைவெளி விட்டு 8.8.8.8 சேர்த்துக் கொடுங்கள். இந்த முறை சட்டென்று பதில் வந்தால் நண்பர் சொன்னது சரி. எதையும் மாற்றாமலேயே தெரிந்துகொண்டீர்கள்.

அந்தத் தொடக்க வரிகளில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 மாதிரி எண் வந்தால், உங்கள் கணினி கேட்பது வீட்டு ரூட்டரை. அது நிறுவனத்தின் சர்வரைக் கேட்டுச் சொல்கிறது. மாதக்கணக்கில் அணைக்காமல் ஓடும் சின்ன ரூட்டர்கள் இந்த இடத்தில்தான் களைத்துப்போகும். ஒருமுறை அணைத்து, ஒரு நிமிடம் விட்டுப் போட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதோடு வேலை முடிந்துவிடும்.

ஒரே ஒரு தளம் மட்டும் வரவில்லை, மற்றதெல்லாம் வருகிறது என்றாலும் உடனே டிஎன்எஸ்ஸில் கை வைக்காதீர்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகம் முழுக்க ஏறத்தாழ ஆறு மணி நேரம் நின்றன. அந்த நிறுவனத்தின் சொந்த டிஎன்எஸ் சர்வர்களுக்குப் போகும் வழியே இணையத்திலிருந்து மறைந்துபோயிருந்தது. அன்றைக்கு எந்த டிஎன்எஸ் போட்டிருந்தாலும் பயன் இல்லை. விடை சொல்ல வேண்டியவரே ஊரில் இல்லை.

இனி எதைப் போடுவது. 8.8.8.8 கூகுளுடையது, 2009 டிசம்பரில் வந்தது, துணை எண் 8.8.4.4. 1.1.1.1 கிளவுட்ஃபிளேர் என்ற இணையச் சேவை நிறுவனத்தினுடையது, 2018 ஏப்ரல் 1 அன்று வந்தது, துணை 1.0.0.1. 9.9.9.9 குவாட்9 என்ற லாப நோக்கமில்லாத அமைப்பினுடையது. 2017-இல் தொடங்கியது, இப்போது சுவிட்சர்லாந்தைத் தலைமையிடமாகக் கொண்டது. ஏமாற்றுத் தளம், வைரஸ் பரப்பும் தளம் என்று தெரிந்த பெயர்களுக்கு அது விடையே தராது. அதன் துணை 149.112.112.112. உங்கள் வீட்டில் வயதானவர்களும் அந்தக் கணினியில் வங்கி வேலை பார்க்கிறார்கள் என்றால் நான் 9.9.9.9-ஐத்தான் சொல்வேன். கைபேசிக்கு வந்த போலி வங்கி லிங்க்கைக் கணினியில் திறந்து பணத்தை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தத் தடுப்பு எல்லாவற்றையும் பிடித்துவிடாது, ஆனால் சிலதையாவது வாசலிலேயே நிறுத்தும்.

முதல் எண்ணையும் துணை எண்ணையும் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. முதலாவது 'தெரியாது' என்றால் இரண்டாவதைக் கேட்கும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முதலாவது வாயே திறக்காவிட்டால்தான் இரண்டாவதிடம் போகும். 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்று முதலாவது சொல்லிவிட்டால் அதுவே முடிவு. இன்னொன்று, இரண்டையும் ஒரே நிறுவனத்திலிருந்து போட்டால் அந்த நிறுவனம் படுக்கும்போது இரண்டும் சேர்ந்து படுக்கும். 2025 ஜூலை 14 அன்று 1.1.1.1 உலகம் முழுக்க ஒரு மணி நேரம் நின்றபோது 1.0.0.1-உம் கூடவே நின்றது. அதனால் நான் 1.1.1.1-க்குத் துணையாக 8.8.8.8 போடுவது வழக்கம். தடுப்பு வைத்த சர்வரைப் போடும்போது மட்டும் இரண்டும் தடுப்பு உள்ளவையாகவே இருக்கட்டும். இல்லாவிட்டால் தடுப்பு உள்ளது பதில் தராத நேரத்தில் மற்றது கதவைத் திறந்துவிடும்.

இப்போது விண்டோஸ் 11-இல் செய்யும் முறை. செட்டிங்ஸ் திறந்து இடப்பக்கம் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', அதில் 'ஈதர்நெட்'. கீழே 'ஐபி அசைன்மென்ட்' என்று ஒரு வரி, 'டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட்' என்று இன்னொரு வரி. இரண்டுக்கும் எதிரில் ஒரே மாதிரி 'எடிட்' பட்டன். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். மேலே இருப்பதை அழுத்தி 'மேனுவல்' என்று மாற்றிவிட்டால் கணினியின் சொந்த எண், கேட்வே (ரூட்டரின் எண்) என்று எல்லாவற்றையும் கேட்கும். டிஎன்எஸ்ஸை மட்டும் நிரப்பி 'சேவ்' கொடுத்தால் ஐபி செட்டிங்கைச் சேமிக்க முடியவில்லை என்று சொல்லும். அப்படி வந்தால் பயப்படாமல் 'கேன்சல்' கொடுத்து வெளியே வாருங்கள். உங்களுக்கு வேண்டியது டிஎன்எஸ் வரியில் உள்ள 'எடிட்'. அந்த வரிக்குக் கொஞ்சம் கீழேயே இப்போதைய டிஎன்எஸ் எண்கள் இருக்கும். அவற்றைத்தான் தாளில் எழுதச் சொன்னேன். கைபேசியில் ஒரு போட்டோ எடுத்தாலும் சரி.

'எடிட்' அழுத்தி 'மேனுவல்' தேர்ந்தெடுத்து, ஐபிவி4 (8.8.8.8 மாதிரி புள்ளி வைத்த எண் முகவரி முறை) சுவிட்சை ஆன் செய்யுங்கள். 'ப்ரிஃபர்டு' கட்டத்தில் முதல் எண், 'ஆல்டர்னேட்' கட்டத்தில் துணை எண். ஒவ்வொன்றுக்கும் கீழே 'டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்' என்று ஒன்று இருக்கும். அதில் 'ஆன், ஆட்டோமேட்டிக் டெம்ப்ளேட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேலே சொன்ன மூன்று நிறுவனங்களின் எண்களும் விண்டோஸுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் வேறெதுவும் அடிக்க வேண்டியதில்லை. இது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். 'சேவ்' கொடுத்ததும் மாற்றம் உடனே நடப்புக்கு வந்துவிடும்.

"மாற்றினேன், எந்த வித்தியாசமும் இல்லை" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது ஐபிவி6 என்ற நீளமான எண் முகவரி முறையை. இன்று பல லைன்களில் ஐபிவி4, ஐபிவி6 இரண்டும் சேர்ந்தே வருகின்றன. ரூட்டர் இரண்டுக்கும் தனித்தனி டிஎன்எஸ் கொடுக்கிறது. நீங்கள் ஐபிவி4-இல் மட்டும் மாற்றிவிட்டால் கணினி ஐபிவி6 வழியாகப் பழைய சர்வரையே கேட்டுக்கொண்டிருக்கும். டிஎன்எஸ் பட்டியலில் நிறைய முக்காற்புள்ளிகளோடு நீளமான எண் தெரிந்தால் அதே பெட்டியில் ஐபிவி6 சுவிட்சையும் ஆன் செய்து, கூகுளுக்கு 2001:4860:4860::8888, கிளவுட்ஃபிளேருக்கு 2606:4700:4700::1111 போடுங்கள். இரண்டு முக்காற்புள்ளி அடுத்தடுத்து வருவது அச்சுப்பிழை அல்ல, அப்படியேதான் அடிக்க வேண்டும்.

மாற்றிய பின் பழைய விடைகள் கணினியின் நினைவில் கொஞ்ச நேரம் தங்கும். கட்டளைத் திரையில் 'ஐபிகான்ஃபிக்', இடைவெளி, சாய்கோடு, 'ஃப்ளஷ்டிஎன்எஸ்' என்று ஆங்கிலத்தில் (ipconfig /flushdns) அடித்தால் துடைத்துவிடும். கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தாலும் அதே பலன்தான். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற பிரவுசர்களுக்குள்ளும் 'செக்யூர் டிஎன்எஸ்' என்று தனியாக ஒரு செட்டிங் உண்டு. அதில் ஏற்கெனவே யாராவது ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தால் பிரவுசர் விண்டோஸைக் கேட்காது, தன் வழியில் போகும். அதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் கன்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் அடாப்டரை வலது கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்', அதில் 'இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 4' என்று போக வேண்டும். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸில் 'நெட்வொர்க்', இணைப்பைத் தேர்ந்தெடுத்து 'டீட்டெயில்ஸ்', 'டிஎன்எஸ்'. உபுண்டுவில் நெட்வொர்க் செட்டிங்ஸில் பல்சக்கரக் குறியை அழுத்தி, ஐபிவி4 பக்கத்தில் டிஎன்எஸ்ஸுக்கு எதிரில் உள்ள 'ஆட்டோமேட்டிக்'கை அணைத்து, எண்களுக்கு இடையில் காற்புள்ளி போட்டு எழுதலாம். ரூட்டரிலேயே மாற்றினால் வீட்டில் எல்லாக் கருவிக்கும் ஒரே வேலையாக முடியும். ஆனால் முதலில் கணினியில் மட்டும் மாற்றி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். ரூட்டரில் தவறு செய்தால் வீடே இருட்டாகும்.

அடுத்தது, கெடுதல் உண்டா என்ற கேள்வி. நல்ல எண்ணைப் போட்டால் இல்லை. ஆனால் இந்தக் கட்டத்தில் யாருடைய எண் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு உண்மைக் கதையே இருக்கிறது. 'டிஎன்எஸ்சேஞ்சர்' என்று ஒரு வைரஸ் 2007 வாக்கிலிருந்து பரவியது. அது கோப்பை அழிக்கவில்லை, கணினியை முடக்கவில்லை. டிஎன்எஸ் எண்ணை மட்டும் சத்தமில்லாமல் மாற்றிவைத்தது. எளிய பாஸ்வேர்டு இருந்த ரூட்டர்களிலும் புகுந்து மாற்றியது. அதற்குப் பிறகு அந்தக் கணினி எந்தப் பெயரைக் கேட்டாலும் எஸ்தோனியாவைச் சேர்ந்த ஒரு கும்பலின் சர்வர்தான் விடை சொன்னது. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் நாற்பது லட்சம் கணினிகள்; தேடல் முடிவுகளையும் விளம்பரங்களையும் திசைதிருப்பியே குறைந்தது 1.4 கோடி டாலர் சம்பாதித்தார்கள். 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ கொடுத்த தகவலின் பேரில் எஸ்தோனியாவில் ஆறு பேர் பிடிபட்டார்கள்.

கும்பலின் சர்வர்களை அன்றே நிறுத்தியிருந்தால் பாதிக்கப்பட்ட அத்தனை பேருக்கும் என் உறவினர் கடைக்கு நேர்ந்ததே நேர்ந்திருக்கும்: லைன் இருக்கும், ஒரு தளமும் திறக்காது. அதனால் நீதிமன்ற உத்தரவு பெற்று, அதே எண்களில் நேர்மையான சர்வர்களை நிறுத்தி, மக்கள் தங்கள் கணினியைச் சரிசெய்ய அவகாசம் கொடுத்தார்கள். 2012 ஜூலை 9 வரை அவை ஓடின. குற்றவாளிகளின் எண்களை மாதக்கணக்கில் பாதுகாத்து ஓட்ட வேண்டியிருந்தது என்றால், அந்தக் கட்டத்தில் இருப்பதை எத்தனை பேர் ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை என்று நினைத்துப் பாருங்கள். நீங்களும் போடாத, உங்கள் இணைய நிறுவனமும் கொடுக்காத எண் அங்கே இருந்தால் முதலில் வைரஸ் சோதனை செய்யுங்கள், ரூட்டர் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

'டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்' எதற்கு என்று சொல்வதாகச் சொன்னேன். பழைய முறையில் உங்கள் கேள்வி திறந்த அஞ்சலட்டை மாதிரி போகிறது. வழியில் இருப்பவர் படிக்கலாம், பொய் விடையும் எழுதி அனுப்பலாம். 2014 மார்ச்சில் துருக்கி அரசு ட்விட்டரைத் தடுத்தபோது இஸ்தான்புல் சுவர்களில் 8.8.8.8 என்று பெயின்ட் அடித்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். சில நாளில் அங்குள்ள இணைய நிறுவனங்கள் அந்த எண்ணுக்குப் போகும் கேள்விகளையே பிடித்துத் தங்கள் சர்வர்களுக்குத் திருப்பிவிட்டன. திரையில் கூகுளின் எண், பதில் சொன்னவரோ வேறு. கேள்வியை மூடிய உறையில் அனுப்பும் முறையில் இந்தத் தில்லுமுல்லு நடக்காது, ஏனென்றால் எதிரில் இருப்பது உண்மையான சர்வர்தானா என்று சான்றிதழைச் சரிபார்த்த பிறகே கணினி பேசும். ஆனால் உறையைப் பிரிப்பவர் நீங்கள் தேர்ந்தெடுத்த நிறுவனம். நீங்கள் எந்தெந்தத் தளத்தின் பெயரைக் கேட்டீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். உங்கள் லைன் நிறுவனத்திடம் இருந்த அந்த நம்பிக்கையை இடம் மாற்றுகிறீர்கள், அவ்வளவுதான். அதைத் தெரிந்தே செய்யுங்கள்.

பிள்ளைகளுக்கு: கிளவுட்ஃபிளேரின் 1.1.1.3, துணை 1.0.0.3 இரண்டும் ஆபாசத் தளங்களையும் வைரஸ் தளங்களையும் சேர்த்துத் தடுக்கின்றன. ஓபன்டிஎன்எஸ் என்ற இன்னொரு டிஎன்எஸ் சேவையின் குடும்ப எண்கள் 208.67.222.123, 208.67.220.123. சின்னப் பிள்ளைகள் தற்செயலாகப் போய் விழுவதை இவை நன்றாகத் தடுக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளை வேண்டுமென்றே தாண்ட நினைத்தால் நான் மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஐந்து நிமிடத்தில் தாண்டிவிடும். பிள்ளைக்கு அட்மின் உரிமை இல்லாத தனிக் கணக்கு போட்டுக் கொடுத்தால் விண்டோஸ் செட்டிங்கை மாற்ற முடியாது. பிரவுசரின் 'செக்யூர் டிஎன்எஸ்' வழி அப்போதும் திறந்தே இருக்கும். வீடியோ தளத்துக்குள் எந்த வீடியோ ஓடுகிறது என்பதும் டிஎன்எஸ்ஸுக்குத் தெரியாது. அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

வீட்டிலிருந்து அலுவலக வேலை பார்ப்பவர் யாராவது அதே கணினியில் விபிஎன் (அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் தனி வழி) போட்டால், அலுவலகத்துக்குள் மட்டும் வழங்கும் சில பெயர்கள் திறக்காமல் போகலாம். அவை வெளியில் உள்ள சர்வர்களுக்குத் தெரியாத பெயர்கள். அப்படி ஆனால் அதே 'எடிட்'டில் 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றி 'சேவ்' கொடுங்கள், எல்லாம் பழையபடி ஆகிவிடும். முன்பே அங்கே கையால் போட்ட எண்கள் இருந்திருந்தால் மட்டும், எழுதி வைத்த தாளைப் பார்த்து அவற்றைத் திரும்பப் போடுங்கள்.